இடப் பின்சக்கரத்தில் மூன்று சுற்று

குதிமேட்டில் ஏறிப் பறந்து தரையிறங்கும் ஒவ்வொரு முறையும், ரிமோட்டில் ஓட்டும் என் சின்னப் பந்தய டிரக், பங்காளியைக் கண்டதுபோல வலப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நேராக இறங்கிய நாளே கிடையாது. மூன்று மாதம் இதன் காரணத்தைத் துரத்தினேன். சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் எண்ணெயை நான்கு முறை மாற்றினேன், ஸ்பிரிங் மாற்றினேன், டயர் மாற்றினேன். கடைசியில் ரிமோட்டில் ஸ்டியரிங்கின் நேர்நிலையைத் திருத்தும் ட்ரிம்மை இடப்பக்கம் நான்கு புள்ளி நகர்த்திவிட்டு, இந்த வண்டியின் குணமே இப்படித்தான் என்று சமாதானமும் ஆகிவிட்டேன். கோளாறு இவற்றில் எதிலும் இல்லை. முதல் வாரத்திலேயே, வண்டியைக் கோத்த மேசையில், இரவு பதினொரு மணிக்குமேல் தூக்கக் கலக்கத்தில் நானே செய்து வைத்த கோளாறு அது. ஆகவே செட்டிங்கைவிடக் கோக்கும் வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

வண்டி, நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள ட்ரகி. பக்கி எனும் தாழ்ந்த மண்தரைப் பந்தய வண்டியின் அடித்தட்டை எடுத்து, சக்கரங்களைத் தாங்கும் கைகளை நீட்டி, டிரக்கின் அகலச் சக்கரங்களை மாட்டினால் அதுதான் ட்ரகி. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும். முன், நடு, பின் என மூன்று டிஃபரென்ஷியல்கள். இதே வகையில் 3.5 சி.சி. நைட்ரோ எஞ்சினோடு ஓடுபவையும் உண்டு. புகையும் சத்தமும் பிடித்தவர்களுக்கு அது சொர்க்கம். நான் மின்மோட்டாரைத் தேர்ந்தெடுத்தேன். என் மோட்டார் 1,900 கே.வி.; அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1,900 சுற்று. நான்கு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது 16.8 வோல்ட். பெருக்கிப் பார்த்தால், சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 30,000 சுற்றைத் தாண்டும். இந்த வேகத்துக்குப் பக்கத்தில் சரியாக இறுகாத ஒரு திருகு இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஓட்டத் தயாராக வரும் வண்டியை வாங்காமல், பைகளில் துண்டு துண்டாக வரும் கிட்டை வாங்கியதற்கு நான் வருந்தவில்லை. பந்தயத்தில் ஏதாவது ஒன்று உடையாமல் போகாது. உடைந்த துண்டு எந்தத் திருகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்பது, அதை ஒருமுறை உங்கள் கையாலேயே மாட்டியிருந்தால்தான் தெரியும். ஆனால் எல்லாப் பைகளையும் ஒரே நேரத்தில் கிழித்து ஒரு தட்டில் கொட்டிய என் வீரத்தை யாரும் பின்பற்ற வேண்டாம். மூன்று மில்லிமீட்டர் திருகுகள் 10, 12, 14, 16 என்று நீளத்தில் மட்டும் மாறும். 14 போக வேண்டிய இடத்தில் 16 போனால் எங்கோ உள்ளே ஒரு பல்சக்கரத்தை அது உரசும். ஒரு பை, ஒரு தட்டு. அதை முடித்துவிட்டு அடுத்தது.

கருவிகளில் சிக்கனம் பார்க்காதீர்கள். கிட்டோடு வரும் எல் வடிவ ஆலன் கீயால் பத்துத் திருகுகளை முடுக்குவதற்குள் அதன் முனை மழுங்கி, திருகுத் தலையின் அறுகோணக் குழியையும் வட்டமாக்கிவிடும். பிறகு அதைக் கழற்றத் துளையிட வேண்டியதுதான். கடினப்படுத்திய முனையுள்ள 1.5, 2, 2.5 மி.மீ. டிரைவர்கள் மூன்றும், ஒரு வெர்னியர் காலிப்பரும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தக் காலிப்பரை நான் முதல் நாளே வாங்கியிருந்தேன். பெட்டியைத்தான் திறக்கவில்லை.

திருகுப் பசை உலோகத்துக்குள் போகும் உலோகத்துக்கு மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் சில வகைப் பிளாஸ்டிக்குகள் நொறுங்கும். அது தேவையும் இல்லை, திருகு தானே கடித்துக்கொள்ளும். புதுத் திருகுகளின்மேல் எண்ணெய்ப் படலம் இருக்கும். அதை ஆல்கஹாலில் துடைக்காமல் பசை போட்டால் போட்டதும் போடாததும் ஒன்றே. என் முதல் பந்தயம் இதனால்தான் நான்காவது நிமிடத்தில் முடிந்தது. மோட்டாரைப் பிடிக்கும் திருகுகளில் ஒன்று தளர்ந்தது. மோட்டார் ஒரு முடி அகலம் நகர, மோட்டார் தண்டில் உள்ள சிறு பல்சக்கரமான எஃகுப் பினியன், தான் சுற்றவேண்டிய பெரிய ஸ்பர் சக்கரத்தின் பற்களைச் சீவித் தள்ளிவிட்டது. வண்டி நின்ற இடத்தில் கறுப்புத் துருவலாகக் கொட்டிக் கிடந்தது. பினியனை மோட்டார் தண்டில் பிடிக்கும் சிறு திருகுக்கும் இதே கதிதான் நேரும். அது தண்டின் தட்டையான பக்கத்தின்மேல் உட்கார வேண்டும், வளைவின்மேல் அல்ல. பற்களுக்கு இடையிலான இடைவெளிக்கு, மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை நடுவில் வைத்து மோட்டாரை அழுத்தி முடுக்கிவிட்டுக் காகிதத்தை உருவிவிடலாம். பிறகு ஸ்பரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சக்கரங்கள் துல்லிய வட்டமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் சரியாக இருப்பது எதிர்ப்பக்கத்தில் இறுகும்.

டிஃபரென்ஷியல் கட்டுவதை நான் ரசித்துச் செய்வேன். உள்ளே சிலிக்கான் எண்ணெய். அதன் கெட்டித்தன்மையைச் சென்டிஸ்டோக்ஸ் எண்ணில் சொல்வார்கள். எண் கூடினால் எண்ணெய் தேனாகும், இன்னும் கூடினால் பாகாகும். என் வண்டிக்குக் கையேடு சொன்னது முன்னால் 7,000, நடுவில் 7,000, பின்னால் 3,000. குறுக்கு ஊசிகள் மூழ்கும் வரை ஊற்றினால் போதும். விளிம்பு வரை ஊற்றினால் சூடேறி விரியும்போது வழி தேடிக் கசியும். ஊற்றிய பிறகு குமிழிகள் மேலே வரக் கால் மணி நேரம் பொறுத்திருந்து, ஓ-வளையங்களில் கிரீஸ் தடவி, மூடியின் நான்கு திருகுகளையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரே மூலையை முதலில் இறுக்கினால் காகித கேஸ்கெட் மடங்கும். நான் இப்போது மூடியபின் சமையல் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். அடுத்த முறை அதே எடைக்கு ஊற்றினால் அதே வண்டி கிடைக்கும். எண்ணெயின் எண்ணை மூடிமேல் மார்க்கரால் எழுதிவிடுங்கள். நினைவிருக்கும் என்பது எல்லோரும் சொல்வதுதான்.

நடு டிஃபரென்ஷியல் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு நாள் பிடித்தது. வேகத்தைத் திறந்தவுடன் வண்டியின் பாரம் பின்னால் சாய்கிறது, முன்சக்கரங்கள் இலேசாகின்றன. டிஃபரென்ஷியலுக்கோ எங்கே எதிர்ப்பு குறைவோ அங்கே விசையைத் தள்ளும் சுபாவம். நடுவில் எண்ணெய் மெலிதாக இருந்தால் முன்சக்கரங்கள் காற்றில் சுற்றிப் பலூன்போல ஊதும். வண்டி மெதுவாகத்தான் நகரும். ஆனால் மேடு பள்ளத்தில் அந்த மென்மை ஒரு வரம், வண்டி பதறாது. எண்ணெய் கெட்டியாக இருந்தால் அம்பாகப் பாயும். கரடான இடத்தில் துள்ளும். முன்னால் கெட்டி என்றால் வேகம் கொடுத்தபடி வளைவிலிருந்து வெளிவரும்போது முன்பக்கம் வண்டியை இழுத்துத் திருப்பும். பின்னால் மெலிது என்றால் வேகத்தைக் குறைத்து வளைவுக்குள் நுழையும்போது நன்றாகத் திரும்பும். ஓட்டுபவர் கை எப்படியோ அப்படி அமைத்துக்கொள்ள வேண்டும். உலகச் சாம்பியனின் எண்களை அப்படியே போட்டுக்கொண்டால் அவருடைய விரலும் கூடவே வரப்போவதில்லை.

இப்போது ஷாக், அதாவது அதிர்வைத் தாங்கும் எண்ணெய்க் குழல். எட்டில் ஒரு பங்கு வண்டியின் ஷாக்குகள் கட்டை விரலைவிடத் தடிமனானவை. தண்டின் நுனியில் துளையிட்ட பிஸ்டன். அந்தத் துளைகள் வழியாகத்தான் எண்ணெய் மேலும் கீழும் போகும். மெதுவாக அசைந்தால் எண்ணெய் அமைதியாகப் பாயும். உயரத்திலிருந்து விழும்போது பிஸ்டன் வேகமாகப் பாய, எண்ணெய் துளைக்குள் கலங்கிச் சுழன்று திடீரெனக் கெட்டிப்பட்டதுபோல எதிர்க்கும். பந்தயக்காரர்கள் இதைப் பேக் என்பார்கள். துளை சிறிதானால் பேக் கூடும். பெரிய குதிமேடுகளில் அடித்தட்டு தரையில் மோதாது. துளை பெரிதானால் சின்னச் சின்னக் கரடுகளை வண்டி விழுங்கிவிட்டுப் போகும். எண்ணெயின் கனத்தைக் கூட்டுவதும் துளையைச் சிறிதாக்குவதும் ஒன்றென்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். மெதுவான அசைவில் ஒன்றுபோலத் தோன்றும், வேகமான அடியில் இரண்டும் வெவ்வேறு.

எண்ணெய் ஊற்றியதும் பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, ஒட்டியிருக்கும் குமிழிகளை விடுவித்து, ஷாக்கை நிமிர்த்தி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். அவசரப்பட்டு மூடினால் உள்ளே காற்று சிக்கும். அமுக்கும்போது களுக் களுக்கென்று சொல்லிக் காட்டும். மூடியபின் தண்டை முழுதாக உள்ளே தள்ளிவிட்டு விட்டால் அது எவ்வளவு தூரம் தானாக வெளியே வருகிறதோ, ஜோடி ஷாக்கும் அதே தூரம் வர வேண்டும். எண்ணெய் கனத்தை டபிள்யூ.டி. எண்ணில் எழுதியிருக்கும் புட்டிகளை நம்பி நிறுவனம் மாறாதீர்கள். ஒருவரின் 40 இன்னொருவரின் 40 ஆக இருக்காது. சென்டிஸ்டோக்ஸ் எண்ணைப் பாருங்கள். வெயில் ஏறினால் எண்ணெய் இளகும் என்பதையும் மறக்கக் கூடாது. காலையில் 500 போட்டு அருமையாக ஓடிய வண்டி, மதியம் அதே மேட்டில் வயிற்றால் தரையை அறைந்தது. 550 போட்டதும் அடங்கியது.

இவ்வளவையும் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். தவறியது அதற்கடுத்த, குழந்தைகூடச் செய்யக்கூடிய வேலையில்: தண்டின் கீழ் நுனியில் பந்து மூட்டைத் திருகிப் பூட்டுவது. நான்கு ஷாக், நான்கு மூட்டு. இறுகும் வரை திருகினேன், இறுகியதும் நிறுத்தினேன். பிளாஸ்டிக் திருகுமரை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில் இறுகும் என்று தோன்றவேயில்லை.

மூன்று மாதத்துக்குப் பிறகு, பந்தயத் திடலில் வண்டியைப் பழுதுபார்க்கும் பிட் மேசையில் நான் ஐந்தாவது முறையாக எண்ணெய் மாற்றத் தயாரானபோது, பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர், பேசுவது குறைவு.

"தம்பி, ஷாக்குகளை அளந்து பார்த்தீர்களா?"

"எண்ணெய் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அண்ணா."

"எண்ணெயைக் கேட்கவில்லை. நீளத்தைக் கேட்டேன்."

வண்டியைச் சமமான பலகைமேல் வைத்தார். பின்பக்கம் அடித்தட்டின் நடுக்கோட்டுக்கு நேர்கீழே டிரைவரின் மெல்லிய முனையைக் கொடுத்து மெதுவாகத் தூக்கினார். இரண்டு பின்சக்கரங்களும் ஒரே நொடியில் பலகையை விட்டு எழ வேண்டும். வலது எழுந்தது. இடது இன்னும் பலகையிலேயே உட்கார்ந்திருந்தது. காலிப்பரைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஷாக்குகளைக் கழற்றி, மேலும் கீழும் மாட்டும் துளைகளுக்கு இடையே அளந்தோம். இடப் பின் ஷாக் 1.5 மி.மீ. நீளம். மூன்று மில்லிமீட்டர் திருகில் ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ.; அதாவது மூன்று சுற்று குறைவாகத் திருகியிருக்கிறேன். ஷாக் கையின் நுனியில் இல்லாமல் உள்ளே தள்ளி மாட்டப்பட்டிருப்பதால், சக்கரத்தில் அந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். வண்டி காற்றில் இருக்கும்போது இடப் பின்சக்கரம் மற்றதைவிடத் தாழத் தொங்கியது. நானோ வேகத்தைத் திறந்தபடியே இறங்குகிறவன். முதலில் தரையைத் தொட்ட அந்த ஒற்றைச் சக்கரம் உந்தியதும் முகப்பு வலப்பக்கம் ஓடியது. நான்கு முறை மாற்றிய எண்ணெய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மூன்று சுற்றுத் திருகினேன். ட்ரிம்மைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். அடுத்த ஓட்டத்தில் வண்டி நேராக இறங்கியது. எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து எதையும் மாற்றுவதற்குமுன் அளக்கிறேன். சக்கரத்தின் சாய்வையும் திசையையும் திருத்தும், நீளம் மாற்றக்கூடிய கம்பிகளான டர்ன்பக்கிள்களுக்கும் இது பொருந்தும். அவற்றின் ஒரு நுனியில் இடமரை, மறுநுனியில் வலமரை. இடமரையைக் குறிக்கும் சிறு கீற்றை எல்லாவற்றிலும் ஒரே பக்கம் பார்த்து மாட்டினால், எந்த டர்ன்பக்கிளையும் ஒரே திசையில் திருப்பினால் நீளும். பிட்டில் பதற்றத்தில் இருக்கும்போது யோசிக்க வேண்டியதில்லை. நீளத்தை இடமும் வலமும் அளந்து ஒன்றாக்கிய பிறகுதான் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு. என் வண்டிக்கு மேற்பக்கம் உள்ளே சாய்ந்து ஒன்றரை டிகிரி, பின்சக்கரங்களின் மூக்கு உள்நோக்கி மூன்று டிகிரி. தரையிலிருந்து உயரம் பேட்டரியோடு சேர்த்து முன்னால் 30, பின்னால் 32 மி.மீ. ஒரு சாண் உயரத்திலிருந்து வண்டியைப் போட்டு, அது அமர்ந்த பிறகே அளக்க வேண்டும். மெதுவாக வைத்து அளந்தால் மூட்டுகளின் உரசல் பொய் சொல்லும்.

மின் பாகங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவின் கொம்பைப் பூட்டுவதற்குமுன் ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்து சர்வோவை மையத்துக்கு வரவிடுங்கள். நான் கண்ணால் பார்த்து மையம் வைத்தேன். ஒருபக்கம் முழுத் திருப்பத்தில் சக்கரம் முட்டி நின்றபின்னும் சர்வோ தள்ளிக்கொண்டே இருந்து சூடேறிச் செத்தது. மையம் சரியானபின் ரிமோட்டில் இருபக்க எல்லைகளையும் சக்கரம் முட்டும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்த வேண்டும். கொம்பின் பல் எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம் 23, 24, 25 என்று மாறும். பலவந்தமாக ஏற்றினால் பல் போய்விடும். ரிமோட் தொடர்பு அறுந்தால் வண்டியை நிறுத்தும் ஃபெயில்சேஃபை மேசையிலேயே சோதியுங்கள்: வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் மெல்லச் சுற்றும்போது ரிமோட்டை அணைத்தால் சக்கரம் நிற்க வேண்டும். நிற்காத வண்டியைத் திடலில் இறக்குவது, கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்த நிற்பவர்களின் காலோடு விளையாடுவது.

லிப்போவிடம் மட்டும் எனக்குப் பயம் உண்டு, அது நல்ல பயம். செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது. 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 5 ஆம்பியர் சார்ஜ் போதும், எப்போதும் எல்லாச் செல்லும் சமமாக ஏறும் சமநிலை முறையில். சில நாள் ஓட்டவில்லையென்றால் செல்லுக்கு 3.8 அளவில் வைத்து, தீப்பிடிக்காத பையில் போடுவேன். உப்பிய பேட்டரியைப் 'இன்னும் ஒரே ஒருமுறை' என்று மாட்டுகிறவர்கள் பக்கத்தில் நான் மேசை போடுவதில்லை.

பினியனில் ஒரு பல் கூட்டினால் உச்ச வேகம் கூடும், மோட்டார் சூடும் கூடும். நான் ஒரே பாய்ச்சலில் மூன்று பல் கூட்டினேன். நேர்ப்பாதையில் எல்லோரையும் கடந்தேன். ஆறாவது நிமிடத்தில் மோட்டார் கொதித்து வேகக் கட்டுப்படுத்தி தானாக அணைந்தது. அன்றைய சுற்று நேரமும் முன்பைவிட மோசம், ஏனென்றால் நேர்ப்பாதை திடலில் ஒன்றே ஒன்று, வளைவுகள் பன்னிரண்டு. இப்போது ஒரு பல் மாற்றினாலும் மூன்று நிமிடம் ஓட்டி அகச்சிவப்பு வெப்பமானியால் பார்க்கிறேன். 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பழைய பினியனுக்கே திரும்பிவிடுகிறேன்.

டயரைப் பற்றி என் கருத்து பிடிவாதமானது: தரைக்கேற்ற டயர் இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் ஒன்றுக்கும் உதவாது. தளர்ந்த மண்ணுக்கு உயர்ந்த குமிழ், இறுகி மெருகேறிய மண்ணுக்குக் குட்டையான, மெத்தென்ற குமிழ். புது டயரின் உள்விளிம்பில் வார்ப்பு அச்சிலிருந்து கழல்வதற்கான வழுக்குப் பூச்சு இருக்கும்; ஆல்கஹாலில் துடைக்காமல் ஒட்டினால் முதல் பந்தயத்திலேயே உரிந்துவிடும். சக்கரத்தின் பள்ளத்தில் டயரின் விளிம்பு முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, துளித் துளியாகப் பசையை ஓடவிட்டு, ஒருபக்கம் காய்ந்தபின் மறுபக்கம்.

பாடியின் பாலிகார்பனேட்டுக்கு உட்புறம்தான் வண்ணம் அடிக்க வேண்டும். முதலில் கருமை, பிறகு வெளிர்நிறம். நான் தலைகீழாகச் செய்ததில் என் மஞ்சள் டிரக் பழுத்த வாழைப்பழம்போலப் புள்ளிகளோடு ஓடுகிறது. தூரத்திலிருந்து அடையாளம் தெரிகிறது என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

ஓட்டுவதில் எனக்குக் கடைசியாகப் பிடிபட்டது காற்றில் வண்டியை நிமிர்த்துவது. பறக்கும்போது வேகத்தைத் திறந்தால் சக்கரங்கள் முன்னோக்கிச் சுழலும் விசைக்கு எதிர்விசையாக முகப்பு மேலே எழும். பிரேக் பிடித்தால் முகப்பு தாழும். ட்ரகியின் சக்கரங்கள் பெரியவை, கனமானவை என்பதால் பக்கியைவிட இதில் விளைவு அதிகம். மேட்டின் உச்சியில் பயந்து விரலை எடுத்ததால்தான் என் வண்டி ஆரம்பத்தில் மூக்கால் விழுந்துகொண்டிருந்தது. அதற்கும் நான் முன் ஸ்பிரிங்கைத்தான் குறை சொன்னேன்.

இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம், தேதி, மண்ணின் ஈரம், சுற்று நேரம். மூன்று பந்தய நாட்களுக்கு ஒருமுறை மூன்று டிஃபரென்ஷியல்களையும் திறக்கிறேன். எண்ணெய் சாம்பல் நிறமாகி உலோகத் தூளோடு வரும். நேற்று துடைக்கும்போது நடு டிஃபரென்ஷியலின் மூடியோரம் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. எடை பார்த்தேன், ஒரு கிராம் குறைந்திருக்கிறது. இன்றிரவு திறக்க வேண்டும், பதினொரு மணிக்குமுன்.